ஆழ்கடலில் காற்று: நீர்மூழ்கிக் கப்பலின் சுவாசம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணுசக்தியால் இயங்கும் நீர்மூழ்கிக் கப்பல் இரண்டு, மூன்று மாதங்கள் தொடர்ந்து நீருக்கடியில் இருக்கிறது. அதற்குள் நூறு பேருக்கு மேல் வாழ்கிறார்கள், சமைக்கிறார்கள், உறங்குகிறார்கள். வெளியிலிருந்து ஒரு மூச்சுக் காற்றுகூட உள்ளே வருவதில்லை. ஆக்சிஜன் எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் இது குறித்து எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி. அந்தச் சிக்கலுக்கு 1950களிலேயே நல்ல தீர்வு கிடைத்துவிட்டது. அதைவிடக் கடினமான வேலை, காற்றில் சேரக் கூடாதவற்றை அகற்றுவதும், என்ன சேர்ந்திருக்கிறது என்று அறிந்துகொண்டே இருப்பதும். கீழே உள்ள விடைகள் பெரும்பாலும் அமெரிக்க, பிரிட்டிஷ் கடற்படைகளின் அணு நீர்மூழ்கிகளை அடிப்படையாகக் கொண்டவை.

மூடிய கப்பலுக்குள் காற்று எவ்வளவு வேகமாகக் கெடும்?

ஒருவர் ஒரு நாளில் ஏறத்தாழ 0.84 கிலோ ஆக்சிஜனை உட்கொண்டு, ஏறத்தாழ 1 கிலோ கரியமில வாயுவை வெளிவிடுகிறார். கன அளவில் சொன்னால், சுமார் 600 லிட்டர் ஆக்சிஜன் உள்ளே போகிறது. சுமார் 500 லிட்டர் கரியமில வாயு வெளியே வருகிறது.

2,000 கன மீட்டர் காற்று உள்ள ஒரு கப்பலில் 100 பேர் இருப்பதாகக் கொள்வோம். ஆளுக்கு 20 கன மீட்டர். எந்தக் கருவியும் இயங்காவிட்டால், ஒரு நாள் முடிவில் ஆக்சிஜன் 21 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறையும். அந்த அளவில் ஆரோக்கியமான ஒருவருக்கு உடனடி ஆபத்து இல்லை. மலை நகரங்களில் வாழ்வோர் அதற்கு ஒப்பான நிலையில்தான் சுவாசிக்கிறார்கள். ஆனால் அதே நேரத்தில் கரியமில வாயு 0.04 சதவீதத்திலிருந்து 2.5 சதவீதத்தைத் தாண்டியிருக்கும். அப்போது மூச்சு விரைவுபடும், தலைவலி தொடங்கும். 5 சதவீதத்தை எட்டினால் மூச்சிரைப்பு தாங்க முடியாததாகும். அதற்கும் மேலே சென்றால் குழப்பமும் பிறகு மயக்கமும் வரும். ஆகவே, மூடிய இடத்தில் சிக்கியவர்களை முதலில் தாக்குவது ஆக்சிஜன் பற்றாக்குறை அன்று. அவர்கள் தாமே வெளிவிட்ட மூச்சுதான்.

இது அனுபவத்தில் தெரிந்ததா, கணக்கில் மட்டும் உள்ளதா?

மிகத் துயரமான அனுபவத்தில் தெரிந்தது. 1939 ஜூன் 1 அன்று பிரிட்டனின் புதிய நீர்மூழ்கியான தெட்டிஸ், லிவர்பூல் விரிகுடாவில் சோதனை ஓட்டத்தின்போது முன்பகுதியில் நீர் புகுந்து மூழ்கியது. கப்பல் கட்டும் நிறுவனத்தினரும் பிறரும் உடன் சென்றிருந்ததால், வழக்கமான எண்ணிக்கையைப் போல ஏறத்தாழ இரு மடங்காக 103 பேர் அதில் இருந்தனர். முன் அறைகள் இரண்டில் வெள்ளம் நிறைந்ததால் மீதமிருந்த காற்றும் குறைவு. நால்வர் மட்டுமே தப்பினர்; 99 பேர் இறந்தனர். இறந்தவர்களில் பெரும்பாலோரின் உயிரைப் பறித்தது கரியமில வாயு.

இந்த விபத்தை ஆராய்ந்தவர்களுள் ஒருவர் உயிரியலறிஞர் ஜே. பி. எஸ். ஹால்டேன். அவர் தாமும் தம் தோழர்களும் மூடிய அறைக்குள் அமர்ந்து, கரியமில வாயு ஏற ஏறத் தம் உடலில் என்ன நேர்கிறது என்று பதிவு செய்தார். அதிக அளவு கரியமில வாயுவைச் சுவாசித்தவர், தப்பும் கருவியை முறையாகக் கையாளும் தெளிவையே இழந்துவிடுகிறார் என்பது மீட்புப் பயிற்சியில் இன்றும் கவனத்தில் கொள்ளப்படுகிறது. ஹால்டேன் 1957இல் இந்தியாவுக்குக் குடிபெயர்ந்து, 1964இல் புவனேசுவரத்தில் காலமானார்.

டீசல் நீர்மூழ்கிகளும் இப்படி மாதக்கணக்கில் மூழ்கியே இருக்கின்றனவா?

இல்லை. டீசல் எஞ்சினுக்கே காற்று வேண்டும். எனவே அவை அவ்வப்போது நீர்மட்டத்துக்கு அருகே வந்து, ஸ்நார்கெல் என்னும் குழாயை வெளியே நீட்டி, எஞ்சினை இயக்கி, மின்கலங்களுக்கு மின்னேற்றம் செய்கின்றன. அப்போது கப்பலின் காற்றும் புதிதாகிறது. அலை வந்து குழாயின் வாயை மூடினால், எஞ்சின் கப்பலுக்குள் இருக்கும் காற்றையே இழுத்துவிடும். மாலுமிகளின் காதுகள் அடைத்து வலிக்கும். இரண்டு முறை காற்று மாற்றுவதற்கு இடைப்பட்ட காலத்தை, கரியமில வாயுவை உறிஞ்சும் சோடா சுண்ணாம்பு போன்ற பொருள்களைக் கொண்டும் சேமித்த ஆக்சிஜனைக் கொண்டும் சமாளிக்கிறார்கள். வெளிக்காற்று இன்றி மின்சாரம் தயாரிக்கும் அமைப்பு உள்ள புதிய டீசல் நீர்மூழ்கிகள் திரவ ஆக்சிஜனைத் தொட்டிகளில் எடுத்துச் செல்கின்றன; அவை இரண்டு, மூன்று வாரங்கள் வரை ஆழத்தில் தங்க முடியும்.

மீன்களைப் போலக் கடல்நீரில் கரைந்துள்ள ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கலாமே?

பலருக்கும் தோன்றும் நல்ல கேள்வி இது. கணக்குப் போட்டால் விடை தெளிவாகிவிடும். ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் ஏறத்தாழ 7 மில்லிகிராம்தான். 100 பேருக்கு ஒரு நாளைக்குத் தேவையான 84 கிலோவைப் பெற, ஒரு துளி ஆக்சிஜனையும் விடாமல் உறிஞ்சினாலும், நாள்தோறும் 12,000 டன் நீரைக் கருவி வழியே செலுத்த வேண்டும். ஆழத்தைப் பொறுத்துச் சில இடங்களில் கரைந்த ஆக்சிஜன் இதைவிடவும் குறைவு. மீன் குளிர் இரத்த உயிரி என்பதால் அதன் தேவை சிறியது. மனிதனின் தேவை பெரியது.

ஆனால் நீரின் மூலக்கூறிலேயே ஆக்சிஜன் இருக்கிறது. எடைக் கணக்கில் நீரில் ஒன்பதில் எட்டுப் பங்கு ஆக்சிஜன்தான். அந்த மூலக்கூறை உடைத்தால், அதே 84 கிலோ ஆக்சிஜனுக்கு ஏறத்தாழ 95 கிலோ நீர் போதும். 12,000 டன் எங்கே, 95 கிலோ எங்கே!

அப்படியானால் ஆக்சிஜன் எப்படித் தயாராகிறது?

மின்னாற்பகுப்பு முறையில். கடல்நீரை நேரடியாகப் பயன்படுத்துவதில்லை, ஏனெனில் அதிலுள்ள உப்பிலிருந்து நச்சான குளோரின் வாயு உண்டாகும். முதலில் நீரைக் காய்ச்சி வடித்து, எஞ்சியுள்ள தாதுக்களையும் நீக்குகிறார்கள். பழைய கருவிகளில் அந்தத் தூய நீருடன் பொட்டாசியம் ஹைட்ராக்சைடைக் கலந்து மின்சாரம் செலுத்தினர். புதியவற்றில் திண்ம பாலிமர் சவ்வு அந்த வேலையைச் செய்கிறது. ஒரு மின்முனையில் ஆக்சிஜன் வருகிறது. மற்றொன்றில் ஹைட்ரஜன் வருகிறது. ஆக்சிஜன் கலன்களில் சேமிக்கப்பட்டு, தேவைக்கேற்பக் காற்றோட்டக் குழாய்களில் கலக்கப்படுகிறது. ஹைட்ரஜன் கடலில் வெளியேற்றப்படுகிறது.

பழைய அமெரிக்கக் கருவிகள் இவ்விரு வாயுக்களையும் மிக உயர்ந்த அழுத்தத்தில் உற்பத்தி செய்தன. ஒரே பெட்டிக்குள் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் அவ்வளவு அழுத்தத்தில் அருகருகே இருந்ததால், மாலுமிகள் அக்கருவிக்குச் சூட்டிய பெயர் ‘பாம்’. குண்டுதான் அவர்கள் குறித்தது. பின்னர் குறைந்த அழுத்தத்தில் இயங்கும் கருவிகள் வந்ததற்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

100 பேருக்கான ஆக்சிஜனைத் தயாரிக்க, இரவு பகலாகச் சில பத்துக் கிலோவாட் மின்சாரம் வேண்டும். அணு உலைக்கு இது பொருட்டே அன்று. மின்கலத்தை நம்பியிருக்கும் கப்பலுக்கோ கட்டுப்படியாகாது. நீரடியில் நீண்ட காலம் தங்குவது அணுசக்தி வந்த பிறகே சாத்தியமானதற்கு, எஞ்சின் காற்றின்றி இயங்குவது ஒரு காரணம் என்றால், மனிதர்களுக்கான காற்றைத் தயாரிக்கத் தாராளமாக மின்சாரம் கிடைத்தது மற்றொரு காரணம்.

கரியமில வாயுவை எவ்வாறு அகற்றுகிறார்கள்?

இந்தப் பக்கத்தில் மிகுந்த கவனத்துக்குரியது இந்தக் கேள்விதான். லித்தியம் ஹைட்ராக்சைடு கரியமில வாயுவை மிக நன்றாக உறிஞ்சும். ஆனால் ஒரு முறை உறிஞ்சியதும் அது பயனற்றுவிடும். 100 பேர் ஒரு நாளில் வெளிவிடும் 100 கிலோ வாயுவுக்குச் சுமார் 110 கிலோ வேதிப்பொருள் தேவை. 70 நாள் ரோந்துக்கு ஏறத்தாழ 8 டன்! ஆகவே திரும்பத் திரும்பப் பயன்படும் ஒன்றைத் தேடினார்கள்.

அதற்குக் கிடைத்த விடை மோனோஎத்தனாலமைன் என்னும் கரைசல். குளிர்ந்த நிலையில் அது கரியமில வாயுவைப் பற்றிக்கொள்ளும், சூடாக்கினால் விட்டுவிடும். கருவியின் ஒரு கோபுரத்தில், கப்பலின் காற்று இக்கரைசலின் ஊடே செலுத்தப்பட்டு, கரியமில வாயு குறைந்த காற்றாக வெளியே வருகிறது. வாயுவை ஏந்திய கரைசல் அடுத்த பகுதிக்குச் சென்று கொதிக்கவைக்கப்படுகிறது. அங்கே பிரிந்த வாயு, சுற்றியுள்ள கடல்நீரின் அழுத்தத்தை வெல்லும் அளவுக்கு அமுக்கப்பட்டு, கடலில் வெளியேற்றப்படுகிறது. கரைசல் குளிர்ந்து மீண்டும் கோபுரத்துக்கு வருகிறது. இந்தச் சுழற்சி நாள் முழுதும் நிற்காது.

இதற்கு ஒரு விலையும் உண்டு. அமைன் என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்தக் கரைசலின் ஆவி சிறிதளவு எப்போதும் காற்றில் கலக்கிறது. அதன் மணம் துணிகளிலும் படுக்கைகளிலும் ஊறிவிடும். கரையேறிய மாலுமியின் பையைத் திறந்தாலே அவர் எங்கிருந்து வருகிறார் என்று வீட்டாருக்குத் தெரிந்துவிடும். அந்த ஆவிக்கும் தனியே வரம்பு வைத்துக் கண்காணிக்க வேண்டியுள்ளது. திரவத்துக்குப் பதிலாக அமைனைத் திண்மப் பொருளில் பதித்துப் பயன்படுத்தும் ஆராய்ச்சி நடப்பது இதனால்தான்.

அகற்றிய பிறகு காற்று வெளிக்காற்றைப் போலவே ஆகிவிடுமா?

ஆகாது. அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சி மன்றம் 2007இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அணு நீர்மூழ்கிகளில் அளந்த கரியமில வாயுவின் சராசரி 0.35 முதல் 0.41 சதவீதம் வரை இருந்தது. இது வெளிக்காற்றில் உள்ளதைப் போல ஏறத்தாழ பத்து மடங்கு. சில வேளைகளில் 1 சதவீதத்தைத் தாண்டியதும் உண்டு. தொடர்ந்து 90 நாள் சுவாசிப்பதற்கு 0.8 சதவீதம் வரை ஏற்கலாம் என்று அவ்வறிக்கை பரிந்துரைத்தது. முன்னர் கண்ட கணக்கில் உள்ள கப்பலில், கருவி நின்றுபோனால் இந்த அளவை எட்ட எட்டு மணி நேரம்கூட ஆகாது.

இந்தக் கரியமில வாயுவைக் காரணம் காட்டித்தான் பிரிட்டன் நெடுங்காலம் பெண்களை நீர்மூழ்கிப் பணியில் சேர்க்காமல் இருந்தது. மருத்துவ ஆய்வு அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்று காட்டிய பின், 2011இல் தடை நீக்கப்பட்டது. 2014இல் மூன்று பெண் அதிகாரிகள் முதன்முதலாகத் தகுதி பெற்றனர். கருவுற்ற பெண்கள் மட்டும் கடலுக்குச் செல்வதில்லை. போதிய ஆய்வின்றி நெடுங்காலம் நீடித்த அந்தத் தடை, காற்றைப் பற்றிய சரியான அளவீடு எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஒரு சான்று என்றே கருதுகிறேன்.

ஆக்சிஜனும் கரியமில வாயுவும் சரியாக இருந்தால் போதுமா?

போதாது. மூடிய கப்பலில் சிறு கசிவும் நாள்பட நாள்படச் சேர்ந்துகொண்டே போகும். சமையல் எண்ணெய் காய்ந்தால் அக்ரோலின் என்னும் எரிச்சலூட்டும் ஆவி வரும். மின்கலங்களிலிருந்து ஹைட்ரஜன், குளிர்சாதனங்களிலிருந்து குளிர்பதன வாயு, வண்ணப்பூச்சிலிருந்து கரைப்பான் ஆவி, கழிவுநீர்த் தொட்டிகளிலிருந்து துர்நாற்றம் என்று பட்டியல் நீளும். தொட்டிகளைக் காலிசெய்யும்போது அவற்றின் அழுத்தக் காற்று கப்பலுக்குள்ளேயே திறந்துவிடப்படுவதும் உண்டு. அது வடிகட்டிகள் வழியேதான் வருகிறது என்றாலும் அந்த நாற்றத்தை நீர்மூழ்கி மாலுமிகள் மறப்பதில்லை.

இவற்றுள் கொடியது கார்பன் மோனாக்சைடு. இரத்தத்தின் ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பற்றுடன் அதைப் பிடித்துக்கொள்ளும். நிறமும் மணமும் இல்லாததால் புலன்கள் எச்சரிக்கமாட்டா. இதையும் ஹைட்ரஜனையும் அழிக்க ஒரு வினையூக்கி எரிப்பான் உள்ளது. மாங்கனீசு டை ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்த ஹாப்கலைட் என்னும் வினையூக்கியின் மேல், 300 பாகை செல்சியஸ் அளவுக்குச் சூடான காற்றைச் செலுத்தினால், கார்பன் மோனாக்சைடு கரியமில வாயுவாகவும் ஹைட்ரஜன் நீராவியாகவும் மாறிவிடும்.

ஒரு சிக்கலைத் தீர்க்கும் கருவி இன்னொன்றைத் தோற்றுவிப்பதும் இங்கேதான். குளிர்சாதனத்திலிருந்து கசிந்த வாயு இந்த எரிப்பானில் புகுந்தால் ஓரளவு சிதைந்து, ஹைட்ரோகுளோரிக், ஹைட்ரோஃபுளோரிக் அமில ஆவிகளாக மாறும். அவற்றைப் பிடிக்க எரிப்பானுக்குப் பின்னே லித்தியம் கார்பனேட் படுகை வைக்கிறார்கள். இவையன்றி, கரிம ஆவிகளையும் நாற்றத்தையும் கிளர்வூட்டிய கரிப் படுகைகள் உறிஞ்சுகின்றன; எண்ணெய்த் துகள்களையும் புகையையும் நிலைமின் வடிகட்டிகள் ஈர்த்துப் பிடிக்கின்றன.

எவற்றைக் கப்பலுக்குள் கொண்டுசெல்லக் கூடாது?

மிகச் சிறந்த வடிகட்டி வாசலிலேயே நடக்கும் சோதனைதான். கப்பலுக்குள் போகும் பசை, மெருகு, துப்புரவுத் திரவம், மசகு எண்ணெய் எல்லாவற்றுக்கும் அனுமதி தேவை. தெளிப்பான் குப்பிகளுக்கும் பாதரச வெப்பமானிக்கும் தடை உண்டு. தொடக்க கால அணு நீர்மூழ்கிகளில் எண்ணெய் வண்ணப்பூச்சின் ஆவி காற்றில் வெகுவாகச் சேர்ந்தது தெரியவந்த பிறகு, புறப்படுவதற்குச் சில நாள்களுக்கு முன்பே வண்ணம் பூசுவதை நிறுத்திவிடும் வழக்கம் ஏற்பட்டது.

புகைபிடித்தல் வியப்பளிக்கும் அளவுக்கு நெடுங்காலம் அனுமதிக்கப்பட்டிருந்தது. அமெரிக்கக் கடற்படை தன் நீர்மூழ்கிகளுக்குள் அதை முற்றிலும் தடைசெய்தது 2010ஆம் ஆண்டின் முடிவில்தான். புகைபிடிக்காதவர்களின் உடலிலும் அதன் தடயங்கள் காணப்பட்டதே அதற்குக் காரணம்.

காற்றில் என்ன இருக்கிறது என்று எப்படி அறிகிறார்கள்?

அமெரிக்க நீர்மூழ்கிகளில் மையக் காற்றுக் கண்காணிப்புக் கருவி ஒன்று உள்ளது. கப்பலின் பல பகுதிகளிலிருந்து குழாய்கள் வழியே காற்று மாதிரியை மாறி மாறி இழுத்து, மூலக்கூறுகளை அவற்றின் நிறையைக் கொண்டு இனங்காணும் நிறை நிறமாலைமானியின் உதவியால் ஆக்சிஜன், நைட்ரஜன், கரியமில வாயு, ஹைட்ரஜன், குளிர்பதன வாயு முதலியவற்றை அது அளக்கும். கார்பன் மோனாக்சைடு மட்டும் அகச்சிவப்பு முறையில் தனியே அளக்கப்படுகிறது, ஏனென்றால் நைட்ரஜனின் மூலக்கூறு நிறையும் அதன் நிறையும் ஏறத்தாழ ஒன்றே. அடைபட்ட மூலைகளிலும் ஆள் இறங்கும் தொட்டிகளிலும் கையடக்கக் கருவிகளால் அளக்கிறார்கள்.

ஆக்சிஜனை வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைவாக வைப்பது ஏன்?

தீயின் காரணமாக. மூடிய கப்பலில் தீயைவிடப் பெரிய பகை இல்லை. ஆக்சிஜன் ஓரிரு சதவீதம் குறைந்தாலே தீ பரவும் வேகம் தணிகிறது; மனித உடலோ அந்தக் குறைவைத் தாங்கிக்கொள்கிறது. ஆனால் ஒரு வரம்புக்குக் கீழே போனால் சிந்தனை மந்தமாகும். எனவே இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய எல்லைக்குள் வைத்திருக்கிறார்கள்.

தீயோ நச்சுவாயுவோ வந்துவிட்டால், மாலுமிகள் முகமூடி அணிந்து, அதன் குழாயைக் கப்பல் நெடுகப் பொருத்தப்பட்டுள்ள அவசரக் காற்றுக் குழாயின் இணைப்பில் செருகிச் சுவாசிக்கிறார்கள். ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்குப் போக வேண்டுமானால் மூச்சை அடக்கிக்கொண்டு, குழாயைக் கழற்றி, அடுத்த இணைப்பில் மாட்டிக்கொள்ள வேண்டும். புகை எவ்வளவு கொடியது என்பதை இந்தியாவும் அறியும். 2014 பிப்ரவரியில் மும்பைக்கு அப்பால் சிந்துரத்னா நீர்மூழ்கியில் ஏற்பட்ட தீயில் இரு அதிகாரிகள் உயிரிழந்தனர்.

மின்சாரம் அறவே நின்றுவிட்டால்?

அதற்காகவே ஆக்சிஜன் மெழுகு எனப்படும் உருளைகள் உள்ளன. சோடியம் குளோரேட்டும் இரும்புத் தூளும் கலந்து வார்க்கப்பட்ட இவ்வுருளையைப் பற்றவைத்தால், அது மெதுவாக வெந்து ஆக்சிஜனை வெளிவிடும். ஓர் உருளை 100 பேருக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குப் போதுமானது. கரியமில வாயுவுக்கு லித்தியம் ஹைட்ராக்சைடு. விசிறி இல்லாமலே உறிஞ்சும்படி திரைச்சீலைகளாகத் தொங்கவிடும் வகையும் உண்டு. மூழ்கிக் கிடக்கும் கப்பலில் மீட்புக் குழு வரும்வரை ஏழு நாள் தாக்குப்பிடிப்பதே பல கடற்படைகளின் இலக்கு.

சோவியத், ரஷ்யக் கப்பல்களில் பொட்டாசியம் சூப்பர் ஆக்சைடு பயன்படுகிறது. அது கரியமில வாயுவை உறிஞ்சிக்கொண்டே ஆக்சிஜனையும் தரும். மிக அருமையான பொருள். ஆனால் எண்ணெய் கலந்த நீர் பட்டால் தீப்பற்றிவிடும். 2000 ஆகஸ்டு 12 அன்று பாரென்ட்சு கடலில் ரஷ்யாவின் குர்ஸ்க் நீர்மூழ்கி மூழ்கியபோது, 118 பேரில் 23 பேர் ஒன்பதாம் அறையில் உயிருடன் ஒதுங்கியிருந்தனர். அங்கே அந்தப் பொருள் கொண்ட தகடு ஒன்று எண்ணெய் மிதந்த நீரில் பட்டு மூண்ட தீ, மீதமிருந்த ஆக்சிஜனையும் தின்றுவிட்டதாக விசாரணையில் தெரியவந்தது. 2007 மார்ச்சில் ஆர்க்டிக் பனிக்கடியில் சென்றுகொண்டிருந்த பிரிட்டனின் டயர்லெஸ் நீர்மூழ்கியில், குளோரேட் உருளை வெடித்து இரு மாலுமிகள் இறந்தனர். அந்த உருளையில் எண்ணெய் மாசு கலந்திருக்கக்கூடும் என்றே விசாரணை கண்டது. உயிர்காக்கும் பொருளைப் பத்திரமாகவும் உலர்வாகவும் வைத்திருப்பது, அதை வாங்கி வைப்பதற்குச் சற்றும் குறையாத கடமை.

காற்றின் அழுத்தம் மாறாதா?

மாறும். அழுத்தக் காற்றால் இயங்கும் கருவிகளின் கசிவு அழுத்தத்தை மெல்ல ஏற்றும். ஏறியதும் அமுக்கிகளை இயக்கி, மிகைக் காற்றை உயரழுத்தக் கலன்களுக்குள் திரும்பச் செலுத்திவிடுகிறார்கள்.

அப்படியானால் எவ்வளவு காலம் நீரடியிலேயே இருக்க முடியும்?

உலகின் முதல் அணு நீர்மூழ்கியான அமெரிக்காவின் நாட்டிலஸ் 1955 ஜனவரியில் முதன்முறையாக அணுசக்தியால் இயங்கிக் கடலுக்குப் புறப்பட்டது. 1958இல் சீவுல்ஃப் 60 நாள் மூழ்கியிருந்தது. 1960இல் டிரைட்டன் நீருக்கடியிலேயே உலகைச் சுற்றிவந்தது. அதற்கும் 60 நாளுக்குச் சற்று மேல் ஆயிற்று. பிரிட்டனின் வார்ஸ்பைட் 1982–83இல் 111 நாள் வெளிவராமல் இருந்தது. இவற்றில் எதிலும் காற்று தீர்ந்ததால் மேலே வர நேரவில்லை. அணு உலை ஓடும்வரை மின்சாரம் உண்டு. மின்சாரமும் கடலும் உள்ளவரை ஆக்சிஜன் உண்டு. பயணத்தின் நீளத்தை முடிவு செய்வது கிடங்கில் ஏற்றிச்சென்ற உணவு. வழக்கமாக அது 90 நாள் அளவுக்கே போதும்.